கைக்குள் அடங்காத புஜம்

தென்காசியில் நானும் என் நண்பன் சுடலைமுத்துவும் ஒரே தேகப்பயிற்சிச் சாலையில் கர்லாக்கட்டை சுற்றி வளர்ந்தவர்கள். திருநெல்வேலியில் நடக்கவிருந்த கட்டுடல் போட்டியில் பரிசு அவனுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே ஜெயித்தால் அடுத்தது சென்னை என்பது எங்கள் கனவு.

போட்டிக்கு முந்தின நாள் குற்றாலம் போனோம். மேடையில் தோல் மினுமினுக்க வேண்டுமென்று நானே அவனுக்கு எண்ணெயை வழிய வழியத் தேய்த்துவிட்டேன். அருவி கலங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் குளித்துக் கரையேறிய பெரியவர், "தம்பி, வெள்ளம் வருது. போவாதிய" என்று தடுத்தார்.

"நாளைக்குப் போட்டில்லா அண்ணாச்சி! இந்த அடி வாங்குனாத்தான் ஒடம்பு முறுக்கேறும்" என்று சிரித்துக்கொண்டே சுடலை இறங்கினான். நானும் பின்னாலேயே போனேன்.

திடீரென்று செந்நிறத் தண்ணீர் அவனைச் சாய்த்தது. "ஏலே, பிடிலே!" என்று அலறினான். அவன் புஜத்தைத் தாவிப் பிடித்தேன். நாங்கள் நூல் வைத்து அளந்து அளந்து பூரித்த அந்தப் புஜம் என் கைக்குள் அடங்கவில்லை. எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் திருநெல்வேலி மேடையில் அவன் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் நாங்கள் அவனைச் சிற்றாற்றுப் பாறையிடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் நான் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. அருவியில் இறங்கினால் எண்ணெய் தொடுவதில்லை. இடுப்பில் துண்டை இறுகக் கட்டிக்கொள்கிறேன். கூட வருகிறவர்களையும் கட்டச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், "பிடிக்க ஒண்ணு வேணும்லா" என்பேன்.