செம்மங்குப்பம் ஸ்டோரில் நான் வைத்த பரீட்சை

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் முதல் பட்டறை போட்டபோது என்னிடம் இருந்தது ஒரு இரவல் வெல்டிங் மெஷினும் அஞ்சாங் கிளாஸ் படிப்பும்தான். புயல் வந்து தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதே இடத்தில் மறுபடி போட்டேன். கெமிக்கல் கம்பெனிகளுக்குப் பம்பு ரிப்பேர், பைப் லைன், வால்வு மாற்றுவது என்று வளர்ந்து இன்றைக்கு செம்மங்குப்பத்தில் இரண்டு ஷெட், சிதம்பரத்தில் ஒரு ஆபீஸ், என்னை நம்பி நூத்திச் சொச்சம் குடும்பம். இந்த ஆள் ஆறு மாசம் தாங்க மாட்டான் என்று சொன்ன படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது என்னிடம்தான் சம்பளம் வாங்குகிறார்கள். தம்பட்டம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் அடிக்காவிட்டால் எனக்காக ஒருத்தனும் அடிக்க மாட்டான் என்பது போன மாதம் தெரிந்துவிட்டது.

போன மாதம் எங்கள் கம்பெனி வழவழவென்று ஒரு புத்தகம் அச்சடித்தது. சரக்கு வாங்குவதற்கான சாஃப்ட்வேரை எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்று எப்படி முடிவு செய்தோம், அதைப் பற்றி நாலு பக்கம், இங்கிலீஷில். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை உட்காரவைத்துப் படித்துச் சொல்லச் சொன்னேன். என் மருமகன் தலைமையில் தேர்வுக் குழுவாம். ஆழமான ஆய்வாம். முதல் பக்கத்தில் என் படம் இருக்கிறது. கீழே "ஆசியுடன்" என்று போட்டிருக்கிறார்கள். செத்தவனுக்குச் செய்கிற மரியாதை. நான் செய்ததைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

சாஃப்ட்வேர் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை கிடையாது. ஒரே வால்வை இரண்டு ஷெட்டும் வாங்கி வைக்கும். வேண்டிய போல்ட் இரண்டிலும் இருக்காது. கம்பெனிப் பொறுப்பை எடுத்த புதுசில் மருமகன் இதைச் சரி பண்ணுகிறேன் என்று சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்தார். அவர் ஒரு மார்க் ஷீட் தயாரித்தார். சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் ஏசி ஹாலில் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து திரையில் படம் காட்டினார்கள். அதிலே பெரிய கம்பெனிக்காரன் காட்டியதெல்லாம் நாற்காலி வாங்குவது, பேனா வாங்குவது. பம்பு ரிப்பேர் பண்ணுகிறவனுக்குப் பேனா எதற்கு? ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு முந்திரி, பாதாம் டப்பா வேறு. அவனுக்கே அதிக மார்க். ஃபைல் என்னிடம் வந்தது. படிக்கத் தெரியாத பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

மறுவாரம் டீ குடிக்கும்போது அந்த ஆலோசகர் வாயிலிருந்தே வந்தது. பெரிய கம்பெனிக்கு இந்தப் பக்கத்தில் கமிஷனுக்கு வாடிக்கை பிடித்துக் கொடுப்பவரே இவர்தானாம். பரீட்சை எழுதுகிறவனின் மாமன் கையிலேயே பேப்பர் திருத்தக் கொடுத்த கதை. மருமகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன்.

"மாமா, மார்க் போட்டு முடிச்சாச்சு. இப்ப நிறுத்துனா அசிங்கம்."

"அசிங்கம் எப்பவோ நடந்துபோச்சு மாப்ள. நான் கழுவத்தான் சொல்றேன்."

நான் கேட்டது ஒன்றுதான். சாஃப்ட்வேர் விற்க வந்தவர்கள் செம்மங்குப்பம் ஸ்டோருக்கு வரட்டும். காலை ஒன்பது மணிக்கு, பம்பு கசியாமல் உள்ளே சுற்றுகிற கயிறு, கிளாண்ட் ரோப் என்போம், அதை அவரவர் சாஃப்ட்வேரில் ஆர்டர் போடட்டும். மத்தியானத்துக்குள் கயிறு என் கைக்கு வரவேண்டும். கடை சிதம்பரத்தில், என் கூட்டாளி கடை. இத்தனை வருஷமாக நாங்கள் போனில் சொல்வோம், அவன் கடலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான், சிப்காட் ஸ்டாப்பில் எங்கள் ஆள் நின்று வாங்கிக்கொள்வான். நின்றுபோன எத்தனையோ பம்பு அப்படித்தான் ஓடியிருக்கிறது.

பெரிய கம்பெனிக்காரன் மூக்கில் கர்ச்சீப்போடு வந்தான். கெமிக்கல் வாசனை ஆகவில்லை. கடைக்காரர் முதலில் பதிவு செய்யணும், அவர் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும் என்றான். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் எந்த ஃபாரம் வந்தாலும் வெளிநாட்டில் இருக்கிற மகன் நம்பரைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். என் கூட்டாளியும் அப்படித்தான் கொடுத்திருந்தான். ஓ.டி.பி. சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் அவன் மகனுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் கூட்டாளியிடமிருந்து எனக்குப் போன்.

"மச்சான், கயிறு வேணும்னா வேணும்னு சொல்லு. அதுக்கு எதுக்கு எம்மவன கிரேனுலேர்ந்து எறக்குறீங்க?"

பன்னிரண்டு மணி ஆயிற்று. கயிறு வரவில்லை. கர்ச்சீப்பை எடுக்காமலே அவன் சொன்னான், "சார், பேசாம சப்ளையரை மாத்திடுங்க."

இவன் கம்ப்யூட்டர் ஓடுவதற்காக, மழை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணியில் எனக்குச் சரக்கு தூக்கிக்கொண்டு வந்தவனை நான் மாற்றணுமாம். முந்திரி டப்பாவையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நடுவில் இரண்டு கம்பெனி. ஒருத்தர் வரவேயில்லை. இன்னொருத்தர் வந்து நெட் கிடைக்கவில்லை என்று போய்விட்டார்.

கடைசி மார்க் வாங்கியது பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவள் கூட்டாளியும். அவர்கள் காட்டிய படம் நன்றாக இல்லையாம், அதற்குத்தான் கடைசி மார்க். அவள் முதல் நாளே வந்து ஸ்டோர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை. எது தீர்ந்துபோகும், யாரிடம் சொல்வீர்கள், எப்படி வந்து சேரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பஸ் விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை, எந்த பஸ் என்று கேட்டாள். பதிவுப் பேப்பரை அவர்களே கடைக்குப் போய் முடித்துக்கொண்டார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு ஸ்டோர் அம்மா ஒரு பட்டனை அமுக்க, என் கூட்டாளி கையில் இருக்கும் போனுக்கே தமிழில் மெசேஜ் போனது. இருக்குன்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. அவன் ஒண்ணு அமுக்கினான். பதினொரு மணி பஸ்ஸில் பழைய பேப்பரில் சுற்றிக் கயிறு வந்தது. ஸ்டாப்பில் வைத்தே எங்கள் ஆள் போட்டோ எடுக்க, ஸ்டோர் அம்மா திரையில் சரக்கு வந்ததாக ஏறிவிட்டது.

நான் கயிற்றைக் கையில் வாங்கி மருமகனிடம் நீட்டினேன். அவர் பாண்டிச்சேரிக்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது புத்தகத்தில் அது குழுவின் தொலைநோக்கு. பரீட்சையே அவர்கள் யோசனையாம். அந்த ஆலோசகர் படம்கூட இருக்கிறது, பல்லைக் காட்டிக்கொண்டு. மருமகனிடம் கேட்டேன்.

"கம்பெனியே உங்களுது மாமா. தனியா பேரு எதுக்கு?"

கம்பெனி என்னுது என்பது வேறு. அன்றைக்கு அந்த ஃபைலை நிறுத்தியது வேறு. என் படத்துக்குக் கீழே இருக்கிற "ஆசியுடன்" போகவேண்டும். ஆலோசகர் படம் இருக்கிற இடத்தில், தமிழில், இதைப் போடவேண்டும்: தப்பான கம்பெனிக்கு முதலில் கையெழுத்துப் போட்டவரும் நிறுவனர்தான், அதை நிறுத்தி, செம்மங்குப்பம் ஸ்டோரில் பரீட்சை வைத்து, சரியான கம்பெனியைக் கண்டுபிடித்தவரும் நிறுவனர்தான். அது ஏறுகிற வரைக்கும் அந்தப் புத்தகத்தில் ஒன்றுகூட என் ஷெட் கேட்டைத் தாண்டக் கூடாது.