மூப்பரின் தொண்டை

சபையில் அவரைத் 'தேன் மூப்பர்' என்பார்கள். அத்தனை இனிப்பான குரல். கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களுக்குப் பார்வை சோதிக்கும்போதே சாந்தகுணத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார். இனிப்பெல்லாம் வெளியிலேயே செலவாகிவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் எதுவும் வராது.

வீட்டில் தையல் வேலை பார்த்த மனைவிக்கு, கல்யாணமான நாளிலிருந்து அவர் வைத்த பெயர் 'ஏய்'. "அறிவிருக்கா உனக்கு? இது சட்டையா, சாக்கா?" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும். அதே வாய், "ஸ்தோத்திரம்! சுகமா இருக்கீங்களா?" என்று குழையும். போனை வைத்ததும் திட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு சொல் தவறாது. அந்த ஞாபகசக்திக்காகவே அவரை மூப்பராக்கியிருக்கலாம்.

ஒரு சாயங்காலம் போதகர் வந்தார். புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் கூட்டமாம்; 'அன்பான குடும்பம்' பற்றி மூப்பர் தம்பதி பேச வேண்டுமாம்.

"எனக்கு அந்தத் தகுதி இல்லைங்க ஐயா" என்று மூப்பர் தலைகுனிந்தார். அபூர்வமாக ஓர் உண்மை சொன்னார்; போதகர் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்.

உள்ளே டீ கொதிப்பதற்குள் கேஸ் தீர்ந்துவிட்டது. மனைவிக்கோ முதுகு பிடிப்பு. சற்று யோசித்தவள், போனை எடுத்துக் கணவருக்கே அடித்தாள். போதகர் எதிரில் இருந்ததால் மூப்பர் யாரென்றுகூடப் பார்க்காமல் எடுத்தார்.

"ஸ்தோத்திரம்! சொல்லுங்க!"

"ஸ்தோத்திரம் பிரதர். கேஸ் தீந்துபோச்சு, எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. சிலிண்டரை மாத்தித் தர்றீங்களா?"

மூப்பரின் கண் போதகர் பக்கம் ஓடியது. பிறகு அதே தேன்: "கண்டிப்பா சகோதரி. இதோ வந்துட்டேன்."

"யாருக்கு என்ன கஷ்டம்?" என்றார் போதகர்.

"பாவம், ஒரு சகோதரி. பக்கத்துலதான்."

"உங்க ஊழியமே ஊழியம்!"

வாசல் வழியே இறங்கி, கொல்லைப்புறமாகச் சமையலறைக்குள் நுழைந்த மூப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு சிலிண்டரை மாற்றினார். "அவர் போகட்டும், இருக்கு உனக்கு."

"போகட்டுங்க. ஆனா கூட்டத்துல நானும் பேசணுமாமே? எனக்குப் பொய் பேச வராது. கேட்டா, உள்ளதைத்தான் சொல்லுவேன்."

மூப்பரின் முகம் வெளிறியது. அடுத்த ஞாயிறு தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆராதனைக்கு வந்தார். பேசவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கூட்டத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, சபையே எழுந்து நின்று அந்தத் தொண்டைக்காக ஜெபித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவள் அவள்தான்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே சபை. கத்தினால் சுவர் தாண்டிக் கேட்கும். அதனால் வீட்டிலும் மெதுவாகவே பேச வேண்டியதாயிற்று. முதலில் சைகை, பிறகு முணுமுணுப்பு. கத்த முடியாதபோது பாதித் திட்டு அவருக்கே அர்த்தமில்லாமல் போனது.

ஒருநாள் சாப்பிடும்போது, "உக்காரேம்மா, நீயும் சாப்பிடு" என்றார்.

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் போல என்று அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.