எட்டு வயதைக் குறைத்த சோதனை

எங்கள் லேபில் அவருக்கு ரிப்பீட் அக்கா என்று பெயர். வைத்தது நான்தான். ரத்தப் பரிசோதனையில் ஒரு ரிசல்ட் கொஞ்சம் ஏறுமாறாக வந்தால் போதும், "ரிப்பீட்" என்று சொல்லி டியூபைத் தூக்கி மறுபடி மிஷினில் வைத்துவிடுவார். உள்ளே அவர் நிதானமாக ரிப்பீட் போட்டுக்கொண்டிருப்பார். வெளியே கவுன்டரில் ரிப்போர்ட் டைப் செய்து கொடுக்கும் நான், வெறும் வயிற்றோடு வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். பதினோரு வருடமாக இதுதான் எங்கள் உறவு.

காலையில் முதல் வேலையாக மிஷினுக்கே ஒரு பரீட்சை வைப்பார். கம்பெனியிலிருந்து ஒரு சின்னக் குப்பி வரும். அதில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பது முன்பே தெரியும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். மிஷின் அந்த அளவைச் சரியாகச் சொன்னால்தான் நோயாளிகளின் ரத்தம் உள்ளே போகும். "நமக்கு விடை தெரிஞ்ச கேள்வியைக் கேட்டாத்தான் அது யோக்கியமான்னு தெரியும்" என்பார். ஆண்களையும் இப்படித்தான் பார்த்தாரோ என்னவோ, நாற்பத்தேழு வயதாகியும் தனியாகவே இருந்தார். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு தங்கை, பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கட்டிக்கொண்டவனுக்கு வேறு ஊரில் இன்னொரு குடும்பம் இருப்பது நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தவள், போனில் ஒரு டேட்டிங் ஆப்பைக் காட்டினாள்.

"கடையில எல்லாரும் இதைப் பத்தித்தான் பேசுறாங்கக்கா. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு தடவை ஏமாற எனக்குத் தெம்பு இல்ல. பொய் சொல்றவனை இது பிடிக்குமா? அது ஒண்ணை மட்டும் நீ பார்த்துச் சொல்லு."

"ரெண்டு மாசம் கொடு" என்றார் அக்கா. ஏதோ புது மிஷின் வாங்குவதற்கு முன் பேசுவது போல.

ஆப்பின் நிபந்தனைகள் முழுவதையும் மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தார். உலகத்தில் அதைக் கடைசி வரி வரை படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். போனில் உள்ள நம்பர்களையெல்லாம் பார்க்க அது அனுமதி கேட்டது. மறுத்துப் பார்த்தார், அப்படியும் வேலை செய்தது. "பரவாயில்ல" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்தது கண்ட்ரோல். தெரிந்த ஒரு பொய்யை உள்ளே விட்டு, அது பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். படம் அவருடையது, பெயர், வேலை எல்லாம் உள்ளது உள்ளபடி. வயதை மட்டும் முப்பத்தொன்பது என்று போட்டார். கேமரா முன்னால் முகத்தை இடமும் வலமும் திருப்பச் சொன்னது. ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று திருப்பினார். உடனே நீல டிக் வந்துவிட்டது.

"ஆள் நிஜமான்னுதான் பாக்குது. சொல்றது நிஜமான்னு பாக்கல" என்றார்.

அத்தோடு தங்கையிடம் வேண்டாம் என்று சொல்லி முடித்திருக்கலாம். "ஒரு தடவை பார்த்துச் சொல்லிட முடியாது" என்று கணக்கை அப்படியே விட்டுவைத்தார். அந்த வாரம்தான் ஆப்பில் லிஃப்ட்காரர் வந்தார்.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாற்பத்திரண்டு வயது. தன்னைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தார்: "பொய் மட்டும் வேண்டாம். மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம்." முதல் மனைவி எதையோ மறைத்துப் பிரிந்துபோனதாகப் பிறகு சொன்னாராம். அக்கா சோதனைக்காகவே அவரிடம் பேச ஆரம்பித்தார். முதல் வாரம் அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்து, அடுத்த வாரம் அதையே வேறு விதமாகக் கேட்பார். பதில் ஒரு தடவைகூட மாறவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நோட்டைக் காணோம்.

எங்களிடம் டியூபுகளைச் சுழற்றும் மிஷின் ஒன்று, ஆறு மாதமாகக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து லிஃப்ட்காரருக்கு அனுப்பியிருக்கிறார். மிஷினின் கால் ரப்பரில் ஒன்று தேய்ந்திருக்கும், மாற்றிப் பாருங்கள் என்று அவர் எழுதினார். மாற்றினோம், சத்தம் நின்றது. அன்று முழுக்க அக்கா அந்த மிஷினைத் தேவையில்லாமல் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாதக் கடைசியில் லிஃப்ட்காரர் நேரில் சந்திக்கலாமா என்று கேட்டார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வயசைச் சொல்லிடணும். சோதனைக்காகப் போட்டதுன்னு சொன்னா புரிஞ்சுக்குவார், இல்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சோதனைன்னா எட்டு வயசைக் கூட்டிப் போட்டிருக்கலாமேக்கா. அதுவும் பொய்தானே. ஏன் குறைச்சீங்க?"

அக்கா மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று அன்று முழுவதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, லிஃப்ட்காரருக்கு எழுதியதை என்னிடம் காட்டினார். வயது நாற்பத்தேழு, தங்கைக்காக ஆப்பைச் சோதிக்கப் போட்ட பொய் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, "சோதனை என்பது பாதிதான். முப்பத்தொன்பது என்று பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் வந்த பிறகு மாற்ற மனம் வரவில்லை" என்றும் இருந்தது. சர்க்கரை அளவை எழுதுவது போல, கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தார். அனுப்பியாகிவிட்டது என்றார்.

மதியம் பதில் வந்தது. என்னையே படிக்கச் சொன்னார். "நாற்பத்தேழு வயது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரண்டு மாதம் தினமும் பேசியும் சொல்லவில்லை, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. ஆப்பில் இதைப் புகார் செய்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் தங்கை இதில் வந்து, அவளிடம் ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால், நீங்களும் இதைத்தானே செய்வீர்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உண்மையைச் சொன்னதுக்கு இதுவா பரிசு? என்ன மனுஷன்க்கா இவன்?"

"அப்படிச் சொல்லாதே. அவர் சரியாத்தான் செய்றார்" என்றார் அக்கா.

மூன்று மணிக்கு ஆப்பிலிருந்து கேள்வி வந்தது. பிறந்த தேதிக்கு அத்தாட்சி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பாமல் விட்டிருக்கலாம். அக்கா அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினார். நாலு மணிக்குள் கணக்கை மூடிவிட்டார்கள், இனி திறக்க முடியாது என்று ஒரு வரி. பேசியதெல்லாம் அதோடு போய்விட்டது. ஆப்புக்கு வெளியே யாருக்கும் நம்பர் கொடுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விதியை அக்கா அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். அதனால் அவருடைய நம்பரும் இல்லை.

"லிஃப்ட் கம்பெனிகளுக்கு நான் போன் போட்டு விசாரிக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றார். போய் மீதி டியூபுகளைப் பார்க்க ஆரம்பித்தார். அன்று ஒன்றையும் அவர் ரிப்பீட் போடவில்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கடை வேலையை முடித்துவிட்டுத் தங்கை வந்தாள். "ரெண்டு மாசம் ஆயிடுச்சுக்கா. நம்பலாமா, வேணாமா?"

அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "டிக்கை நம்பாதே, அது முகத்துக்கு மட்டும்தான். ஆனா புகார் போனா மனுஷங்க உட்கார்ந்து பாக்குறாங்க. பொய் சொன்னவங்களை ஒரே நாள்ல வெளியே தள்ளிடுறாங்க. நீ சேரலாம்."

தங்கை அங்கேயே கணக்குத் தொடங்கினாள். வயதைக் கேட்ட இடத்தில் முப்பத்தெட்டு என்று உள்ளதைப் போட்டாள். அக்கா போனைப் பார்க்காமல் சொன்னார்: "இதுல லிஃப்ட் ரிப்பேர் செய்றவர் ஒருத்தர் இருக்கார். அவர் உன்கிட்ட பேச வந்தா பேசு. பயப்படாதே. பொய் சொல்ல மாட்டார்."

தங்கையின் விரல் நின்றது. அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"உன்கிட்ட பேசினாராக்கா?"

"தினமும் பேசினார்" என்றார் அக்கா. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.