ஓரின் ஷ்ராகின் பச்சை வண்டி

வெர்லா டைட்ஸுக்கு முடி வெட்டுவதுதான் பிழைப்பு, ஆனால் கடை கிடையாது. மேற்குக் கான்சஸில் நான்கு சிற்றூர்கள், நான்கு முதியோர் இல்லங்கள், ஊருக்கு ஒரு நாள். நடுவில் நாற்பது ஐம்பது மைலுக்குக் கோதுமையும் காற்றும்தான். இருபத்திரண்டு வருஷமாக இதே சுற்று.

பழைய கார் மக்கர் பண்ணவே, பிப்ரவரியில் மில்பர்ன் ஊரில் நடந்த பண்ணை ஏலத்தில் ஒரு பச்சை பிக்கப் வண்டியை எடுத்தாள். இறந்துபோன ஓரின் ஷ்ராகின் வண்டி. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. அந்தச் சாலைகளில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. எதிரே வரும் வண்டியை அடையாளம் கண்டதும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தானாக எழும், அதுதான் வணக்கம். ஓரினுக்காக எழுந்த விரல்கள், ஞாபகம் வந்து பாதியில் இறங்கின.

பெட்ரோல் போடுமிடத்தில் தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் டுவேன் பிடித்துக்கொண்டான்.

"செத்த மனுசன் வண்டியில வந்து வயித்த கலக்குறியே வெர்லா. பெயின்ட்டாவது மாத்தேன்."

"நீ வேணா கண்ண மூடிக்க" என்றாள். ஆனாலும் சுருக்கென்றது. ஓரினின் மனைவி அர்டித்தின் சமையலறை ஜன்னல் மில்பர்னுக்குப் போகும் பெரிய சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. அந்த மனுஷிக்கு எப்படி இருக்கும்? அன்றிலிருந்து ஏழு மைல் சுற்றி மண்சாலை வழியாகத்தான் மில்பர்னுக்குள் நுழைந்தாள்.

வியாழன்தான் மில்பர்ன் முறை; அப்படிச் சுற்றி வந்த மூன்றாவது வியாழக்கிழமை அர்டித்தே முதியோர் இல்லத்துக்கு வந்துவிட்டாள்.

"என் வீட்டு வழியா ஏன் வர்றதில்ல?"

வெர்லா சீப்பைக் கீழே வைத்தாள். "உங்க மனசு கஷ்டப்படும்னுதாங்க. பெயின்ட் அடிச்சிடலாம்னு இருக்கேன்."

"ஒண்ணும் அடிக்க வேணாம். ஏலத்துக்கு முன்னாடி அத நாந்தான கழுவி நிறுத்துனேன்? நாப்பது வருசமா ரெண்டு பேருக்குக் காபி போட்ட கை, ஒரு ஆளுக்குப் போட வரமாட்டேங்குது. தெனம் பாதிய கொட்டுறேன். வர்ற வியாழக்கிழம காலைல வா."

வெர்லா சரியென்று தலையை ஆட்டினாள்.

வாசல் வரை போன அர்டித் திரும்பி நின்றாள். "வரும்போது ஹாரன் மட்டும் அடிக்காத. முற்றத்துல திரும்புறப்போ அவரு ரெண்டு தடவ அடிப்பாரு. அது ஒண்ண அவருக்கே விட்டுடு."

அதன் பிறகு வெர்லா அந்த வண்டியில் ஹாரன் அடித்ததே இல்லை. நடுச்சாலையில் மாடு நின்றாலும் இறங்கிப் போய்த்தான் விரட்டுவாள்.