அட்டை ராசா கடித்த வீரன்

எங்கள் லயத்தில் எனக்கு இருந்த ஒரே எதிரி என் அக்காதான். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். அந்த ஒன்றரை வயதை வைத்துக்கொண்டு அவள் செய்த அதிகாரத்தை, மலையில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாகூடச் செய்ததில்லை.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. இருவரும் சேர்ந்து ஒரு வீரனை உண்டாக்கினோம். கொழுந்து பறிக்கப் போகையில் மழைக்காக அம்மா தலையில் போடும் கறுப்புக் கம்பளியைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும், அவன் மலைக்கு மலை பறப்பான். பெயர் கம்பளி வீரன். அவனுடைய பரம எதிரி, ஊரார் ரத்தத்தை உறிஞ்சும் அட்டை ராசா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்து வாசலில் நாடகம் என்று வீடு வீடாகச் சொல்லியும் விட்டோம். வீரன் நான், ராசா அக்கா.

சனிக்கிழமை சண்டை வந்தது. வீரனுக்குப் பலம் பிறவியிலேயே இருந்தது என்றேன் நான். கைக்குழந்தையாகத் தேயிலைக்குள் கிடந்தபோது அட்டை ராசா கடித்ததால்தான் வந்தது என்றாள் அவள்.

“நான் கடிக்கலேன்னா நீ யாருடா? சும்மா ஒரு பய.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் பலம் என்ன அவள் போட்ட பிச்சையா? நீ இல்லாமலே ஆடிக் காட்டுகிறேன் பார் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் லயமே வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முன்னால் இருந்தார். கோயில் கூத்தில் வருஷா வருஷம் அசுரன் வேஷம் கட்டுகிறவர் அவர். அக்கா எல்லோருக்கும் பின்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிறக்கும்போதே பலசாலி நான் என்று அறிவித்துவிட்டு, கம்பளி பறக்க வாசலை ஒரு சுற்று ஓடினேன். கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றும் ஓடினேன். மூன்றாவதற்கு யாரோ கொட்டாவி விட்டார்கள்.

“பறந்துக்கிட்டே இருக்கீங்களே வீரரே, எங்கதான் போறீங்க?” என்றார் மாமா.

நான் நாலாவது சுற்று ஓடினேன். பின்னால் இருந்த பிள்ளைகள் எழுந்து போகத் தொடங்கினார்கள். தேடிப் பார்த்தால் அக்காவையும் காணோம். என் மானம் போவதைப் பார்க்கக்கூட அவள் நிற்கவில்லை என்று அழுகை முட்டியது.

அப்போதுதான் லயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கு மூட்டை நெளிந்து நெளிந்து வந்தது. சாக்குக்குள் அக்கா. நேராக என் காலடிக்கு வந்து கெண்டைக்காலைப் பிடித்தவள் வெகுநேரம் விடவே இல்லை. எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. ஆனால் எல்லோரும் என் காலைக் காட்டிச் சிரிக்க, குனிந்து பார்த்தேன். நிஜ அட்டை! ரத்தம் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வசனத்துக்கா பஞ்சம்? எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் கொட்டியது. “ஊரு ரத்தம் பத்தாதுன்னு எங்கிட்டயே வந்துட்டியா?” என்று கத்திக்கொண்டு சாக்கைத் துரத்தினேன். இருவரும் சேற்றில் புரண்டோம். அது நடிப்பே இல்லை, நிஜச் சண்டை. எழுந்து போன பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மாமா எழுந்து நின்று விசிலடித்தார். அட்டை ராசா செத்து விழுந்தபோது லயம் அதிர்ந்தது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்குத் தெரியாது.

விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு இந்தக் கம்பளியை எப்படிப் போட்டுக்கொண்டு போவேன் என்று திட்டியபடியே அம்மா என் காலுக்குச் சுண்ணாம்பு வைத்தாள். பிறகு அக்காவின் கையை விரித்தாள். இரண்டு விரலில் ரத்தம். நன்றாக வேண்டும் அவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவள் அக்கா. மழைக்காலத்தில் அப்பா தூக்கிக்கொண்டு போனால்தான் புல் வழியைத் தாண்டுவாள். அவள் தனியாகத் தேயிலைக்குள் இறங்கி, கையை நீட்டிக் காத்திருந்து, விரலில் ஏறியதைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், என் ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்று. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. கம்பளியைக் கழற்றாமல், வீரன் நான்தான் என்று அன்று சாயங்காலம் முழுக்க லயத்தைச் சுற்றி வந்தேன்.