காலுக்குக் கீழே கேட்ட குரல்

சில வருடங்களுக்கு முன், என் கணவர் ஓமான் நாட்டுச் சோஹார் நகரில் வேலை பார்த்த சமயம். வெள்ளிக்கிழமைதோறும் மால்களைச் சுற்றிச் சலித்துப்போய், ஒருநாள் மலையடிவாரத்தில் இருக்கும் பழைய மண்வீடுகளைப் பார்க்கக் கிளம்பினோம். குடியிருந்தவர்கள் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதால் அந்த இடமே காலியாகக் கிடந்தது. எங்கள் செருப்புச் சத்தம் மட்டும், அடுத்த சந்தில் யாரோ நடப்பதுபோலத் திரும்பிக் கேட்டது.

ஒரு மாடி வீட்டு வாசலில், "நீ பாத்துக்கிட்டு இரு, ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்துடுறேன்" என்று அவர் நின்றுவிட்டார். நான் படியேறினேன். மேலே நீளமான அறை, சுவரில் மங்கிய நீலச் சாயம். திடீரென்று சாம்பிராணி வாசனை வந்தது. ஆளில்லாத வீட்டில் யார் புகை போட்டது? ஜன்னலிலிருந்து அவரைக் கூப்பிடலாம் என்று அறையின் குறுக்கே நடந்தேன்.

என் காலுக்கு நேர் கீழேயிருந்து ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ கத்தியது. உறைந்து நின்றேன். பிறகு அதே குரல் இந்தியில், "ஹில்னா மத்" என்றது. அசையாதே.

தரை முனகியது. கால் பக்கத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்து, ஓட்டை விழுந்து, அதன் வழியாகக் கீழிருந்து புகை வந்தது. சுவரோரமாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே அந்தக் குரலும் கீழே என்னோடு நகர்ந்தது. நான் படியில் கால் வைத்த பிறகுதான் அறையின் நடுப்பகுதி இடிந்து விழுந்தது.

கீழே கறுப்பு அபாயா அணிந்த, ஐம்பது வயதிருக்கும் ஓர் ஓமானியப் பெண், கையில் தூபக்காலோடு நின்றிருந்தார். சத்தம் கேட்டு என் கணவரும் ஓடிவந்தார். அந்தப் பெண் அரைகுறை இந்தியில் சொன்னார். அது அவர்களுடைய வீடு. சிறுவயதில் அவருடைய தங்கை அதே இடத்தில் தரை பெயர்ந்து விழுந்து இறந்துவிட்டாளாம். அப்பா அதை அடைத்தாராம், ஆனாலும் அது பலமில்லாமலே இருந்திருக்கிறது. தங்கைக்காக அவ்வப்போது வந்து புகை போடுகிறாராம்.

"அன்றைக்கும் நான் இங்கேதான் நின்றேன். மண் உதிர்வதைப் பார்த்தேன். கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. இன்றைக்கு வந்துவிட்டது."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் தொண்டைக்குள் இத்தனை காலம் அடைபட்டுக் கிடந்த ஒரு கத்தல்தான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கும்போதெல்லாம், நான் பார்த்திராத அந்தச் சிறுமியின் ஆயுளையும் சேர்த்து வாழ்ந்துகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.