வெளியே உட்கார வைக்காத ஆட்டம்

முருகையனுக்குப் பந்து உதைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பத்தொன்பது வருஷம் ஒரு கால்பந்து கழகத்துக்குச் செயலாளராக இருந்தவர் என்றதும் எல்லாரும் அவர் காலைத்தான் பார்ப்பார்கள். அந்தக் காலில் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கோல் போட்டார், அதுவும் தங்கள் பக்கத்துக் கோலில். அன்றிலிருந்து கோட்டுக்கு வெளியே நிற்க ஆரம்பித்தார். எலுமிச்சம்பழம் நறுக்கினார், தண்ணீர்க் குடம் சுமந்தார், சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டார், கடைசியில் செயலாளர் ஆனார். ஆடத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆடப் போய்விட்டால் மற்ற வேலையை யாராவது பார்க்க வேண்டுமே.

ஊர் கீழநெடும்பாடி. திருத்துறைப்பூண்டியிலிருந்து மினி பஸ்ஸில் அரை மணி நேரம். கழகத்தின் பெயர் விடிவெள்ளி. முருகையன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். முருகையனுக்கு இப்போது சொந்தமாக முக்கால் மா, அதாவது கால் ஏக்கர் நிலமும் ஒரு ஓட்டு வீடும் உண்டு. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் ராஜராஜன் அபுதாபியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டீங்களாப்பா" என்பான், இவர் "சாப்பிட்டேன்" என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது.

ஆக, அவருக்கு மனுஷர்கள் என்று இருந்தது விடிவெள்ளிப் பையன்கள்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலுக்குப் போனால் இருட்டும் வரை "முருகையண்ணே, முருகையண்ணே" என்று இருபது வாய்கள் கூப்பிடும். காற்றடிக்கும் பம்பைக் காணோம் என்பான் ஒருவன், முழங்காலில் ரத்தம் என்பான் இன்னொருவன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் அவர் மீதி நேரத்தை ஓட்டினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

கீழநெடும்பாடியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரப் பையன் எவன் மீதாவது புகார் என்றால் யாரும் அவன் வீட்டுக்கும் போக மாட்டார்கள், ஸ்டேஷனுக்கும் போக மாட்டார்கள். நேரே செயலாளரிடம் வருவார்கள். இளநீரைத் திருடினான், குடித்துவிட்டு டிராக்டரை வாய்க்காலில் இறக்கினான், டீக்கடையில் கைநீட்டினான். முருகையன் விசாரிப்பார். பிறகு அவனை ஒரு ஆட்டம் வெளியே உட்கார வைப்பார். ஜெர்சி போடாமல், கோட்டுக்கு வெளியே, ஊரே பார்க்க. அடி உதையை விட அது வலிக்கும். விஷயம் அதோடு முடிந்துவிடும். இது நல்ல ஏற்பாடு என்று ஊர் நம்பியது, முருகையனும் நம்பினார். இளநீருக்கு ஏற்ற தண்டனை எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைத்ததுதான் இவர்கள் எல்லாரும் செய்த தப்பு.

போன வருஷம் மாசியில், நாகூர் கோப்பைக்கான இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், வானதி கொள்முதல் நிலையத்துக்கே வந்தாள். அடுத்த தெருப் பெண், திருத்துறைப்பூண்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முருகையனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். தார்ப்பாய் போட்ட நெல் குவியலுக்குப் பின்னால் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பரிதி தெனமும் வாய்க்கா ரோட்டுல வண்டிய மறிக்கிறான் சித்தப்பா. என் போட்டோ வெச்சிருக்கானாம். நிச்சயம் பண்ணுன வீட்டுக்கு அனுப்பிருவேங்கிறான். அம்மாட்ட சொல்ல பயமா இருக்கு. நீங்க சொன்னா கேப்பான்."

பரிதிக்கு இருபத்திரண்டு வயது. இடது கால் ஆட்டக்காரன். அவன் காலில் பந்து போனால் எதிராளி கோல்கீப்பர் சாமியைக் கூப்பிட ஆரம்பிப்பான். அவன் இல்லாமல் இறுதி ஆட்டத்துக்குப் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான். முருகையன் துண்டால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழம ஃபைனல் முடியட்டும் வானதி. திங்கக்கிழம நானே அவன கூப்பிட்டு கேக்குறேன்."

அவள் நம்பினாள். "சரிங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். இரண்டும் பரிதி போட்டவை. நாகூரிலிருந்து ஊர் வரை வேனின் மேலே நின்றுகொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை ஊர்வலம், செவ்வாய்க்கிழமை விருந்து. புதன்கிழமை பரிதியை டீக்கடையில் பார்த்தபோது அவன் கழுத்தில் இன்னும் மாலை கிடந்தது. முருகையன் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவே இல்லை.

ஃபைனல் முடிந்த பத்தாம் நாள் சாயங்காலம் வாய்க்கால் கரையில் பரிதி அவள் வண்டியை உதைத்துத் தள்ளினான் என்று வழக்கு. வலது மணிக்கட்டில் எலும்பு இரண்டாக முறிந்தது. வண்டி தானாகச் சறுக்கியது, நான் தூக்கிவிடத்தான் போனேன் என்றான் பரிதி. பார்த்த சாட்சி யாருமில்லை. அவனைப் பிடித்தார்கள், இருபத்து நான்கு நாள் உள்ளே வைத்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். வானதிக்கு நிச்சயித்த இடம் நின்றுபோயிற்று. ஊசி பிடிக்க முடியாத கையோடு பரிசோதனைக் கூடத்தில் என்ன வேலை செய்வாள்? அவள் வீட்டில் இருந்தாள். பரிதி திடலில் இருந்தான்.

அந்த ஒரு வருஷம் முருகையன் எப்படி இருந்தார் என்று கேட்டால், கோழையாக இருந்தார் என்பதுதான் பதில். அவள் முன்கூட்டியே புகார் சொன்னாள் என்பது அவளைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும்; அவளும் அவர் பெயரை எங்கும் இழுக்கவில்லை. போலீசிடம் அதைச் சொல்லியிருந்தால் வழக்குக்கு ஒரு கால் முளைத்திருக்கும். சொன்னால் 'நீ ஏன் சும்மா இருந்தாய்' என்ற கேள்வியும் கூடவே வருமே. அதற்குப் பயந்து அவள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். கொள்முதல் நிலையத்துக்கு வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

இந்த வருஷம் தை கடைசியில் ஜெர்சி கொடுக்கும் நாள் வந்தது. கழகக் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். செயலாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கி அங்கேயே போட்டுக்கொள்வான். பெயர் கூப்பிட்டால்தான் அந்த வருஷத்துக்கு அவன் ஆட்டக்காரன்.

முருகையன் பதினைந்து பெயரைக் கூப்பிட்டார். ஒன்பதாம் நம்பர் ஜெர்சி மடித்தபடி மேசையிலேயே கிடந்தது. பரிதி சுவரோரம் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டன் செழியன்தான் முதலில் பேசினான். நல்ல பையன், தஞ்சாவூரில் படித்தவன், மரியாதை தெரிந்தவன்.

"அண்ணே, ஒண்ண மறந்துட்டீங்க."

"மறக்கல. கேஸ் முடியற வரைக்கும் அவன் ஆட வேணாம்."

"குத்தம்னு யாரு தீர்ப்பு சொன்னா? நீங்க ஜட்ஜாண்ணே?"

"நான் ஜட்ஜ் இல்லப்பா. நெலயத்துல ஈரப்பதம் பதினேழத் தாண்டுன நெல்ல என்ன பண்றோம்? எடைக்கு ஏத்தாம ஒதுக்கி வெக்கிறோம். அது பதருன்னா ஒதுக்குறோம்? காயட்டும்னுதானே?"

"நெல்லு ரெண்டு நாள் வெயில்ல காஞ்சிரும்ணே. கேஸ் காய ஏழு வருஷம் ஆகும். அப்ப அவனுக்கு முப்பது. போலீஸ் டீம் செலக்சனுக்கு அவன கூப்பிட்டிருக்காங்க, ஒரு வேல கெடைக்கும். நம்ம கழகமே தள்ளி வெச்சிருச்சுன்னு தெரிஞ்சா எவன் சேப்பான்? ஒருவேள அவன் செய்யலேன்னா? அந்த ஏழு வருஷத்த நீங்க திருப்பிக் குடுப்பீங்களா?"

செழியன் கேட்டது ஞாயமான கேள்வி என்றுதான் நானும் சொல்லவேண்டும். ஆனால் முருகையனிடம் வேறொன்று இருந்தது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு ஃபைனலுக்கு மூணு நாள் முன்னாடி எங்கிட்ட வந்துச்சு. இவன் மெரட்டுறான்னு சொல்லுச்சு. நாந்தான் கப்பு போயிருமேன்னு ஃபைனல் முடியட்டும்னுட்டேன். அன்னிக்கு இவன ஒரு ஆட்டம் வெளிய உக்கார வெச்சிருந்தா அது கை ஒடஞ்சிருக்காது."

பரிதி செல்போனிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான், பிறகு வெளியே போய்விட்டான்.

செழியன் நிதானமாக எழுந்தான். போட்டிருந்த ஜெர்சியைக் கழற்றி, மடித்து, மேசை மேல் வைத்தான். "ஒரு வருஷம் சொல்லாம வெச்சிருந்துட்டு இன்னிக்கு சொல்றீங்க. உங்க மனசு ஆறணுங்கிறதுக்கு நாங்க ஒருத்தன பலி குடுக்கணுமாண்ணே?" என்றான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து ஜெர்சியை வைத்தார்கள். பதினைந்து ஜெர்சி. ஒருவன்கூட மிச்சமில்லை. மறுநாள் கழகம் வேறு செயலாளரைப் போட்டது. அவர் பதினாறு பெயரையும் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் முருகையனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதைச் செய்திருந்தால் தேவலை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு மெல்லக் காலியானது. கொள்முதல் நிலையத்தில் அவரோடு ஜோடியாக மூட்டை பிடித்துக்கொண்டிருந்தவன் வேறு ஆளோடு சேர்ந்துகொண்டான். மத்தியானச் சோற்றை அவர் லாரி நிழலில் தனியாகத் தின்றார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கால் தானாகத் திடல் பக்கம் திரும்பும், நான்கு எட்டு வைத்தபின்தான் ஞாபகம் வரும். வீட்டுக்குள் உட்கார்ந்தால் பந்து உதைபடும் சத்தம் கேட்கும். கேட்கக் கூடாது என்று டிவியைப் போடுவார். போட்டாலும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மகனிடம் "ஒரு விஷயம்ப்பா" என்று ஆரம்பித்தார். "வேலைக்கு நேரமாச்சுப்பா, அடுத்த வாரம் பேசுறேன்" என்றான் அவன். அவன் மீதும் தப்பில்லை. முருகையனுக்கு அன்று அழுகை வந்தது.

ஒரே ஒரு போன் வந்தது. நாகூர்க் கழகத்தின் செயலாளர் நெய்னா முகம்மது. இருபது வருஷப் பழக்கம்.

"கேள்விப்பட்டேன் முருகையா. நல்ல காரியம் பண்ணுனீங்க."

"அப்ப நீங்க எங்க டீம்ல அவன ஆட விடாதீங்க பாய். போட்டி நடத்துறது நீங்கதானே?"

"அது எப்படிங்க. கூட்டம் பூரா அவன பாக்கத்தானே வருது" என்றார் நெய்னா முகம்மது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தார். நல்ல காரியம் என்று சொல்லும் வாய்க்கு அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ள மட்டும் முடியவில்லை.

அடுத்த வாரம் முருகையன் வேட்டியை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே ஒரு பெண் போலீஸ் அதிகாரி கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னார். வானதி வந்த தேதி, நின்ற இடம், பேசிய பேச்சு, தான் சொன்ன பதில். "அப்புறம் அவனை விசாரிச்சீங்களா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். லேசாகவில்லை. ஆனாலும் வானதியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் தெருவுக்குள் நுழைந்தார்.

அவள் வாசலில் இருந்தாள். வலது கையில் ஒரு ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சி. விரல்கள் பாதிதான் மடங்கின. இவரைப் பார்த்ததும் எழுந்தாள், முகம் மலர்ந்தது. முருகையன் அதை எதிர்பார்க்கவே இல்லை. உள்ளே போய் இடது கையால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள்.

"உக்காருங்க சித்தப்பா. கொட்டகையில எனக்காகப் பேசுனீங்களாமே. அம்மா சொன்னுச்சு. ஊர்ல எங்களுக்குன்னு நீங்க ஒருத்தராவது இருக்கீங்க."

இத்தனை நாளில் யாரும் அவரிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. அப்படியே எழுந்து போயிருக்கலாம். வாக்குமூலம் கொடுத்ததை மட்டும் சொல்லிவிட்டு, அவள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, இனி வாரம் ஒரு முறை இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கலாம். அந்த ஆசை அவருக்கு வந்தது. வராமல் இருக்க அவர் என்ன கல்லா?

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன்மா. நீ வந்தது, நான் ஃபைனல் முடியட்டும்னது, எல்லாம்."

"அதுல என்ன சித்தப்பா. முடிஞ்ச மறுநாளே அவன கூப்பிட்டு கேட்டீங்கதானே. நீங்க கண்டிச்ச ஆத்திரத்துலதான் அவன் அன்னிக்கு அப்படி வந்தான்னு எனக்குத் தெரியும். அதுக்காக உங்கள நான் ஒரு நாளும் கொற சொன்னதில்ல."

முருகையன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நான் அவன கேக்கவே இல்ல வானதி."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பந்தைப் பிடித்த கை அப்படியே நின்றது. "திங்கக்கிழம?" என்றாள்.

"கேக்கல. செவ்வாக்கிழமையும் கேக்கல. அந்தப் பத்து நாளும் ஒரு வார்த்த கேக்கல."

வானதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, யாரோ வழி கேட்க வந்தவரைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு நாற்காலியை இடது கையால் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.